பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு

புதுக் கார் வாங்கப் போனால், காப்பீடு, சாலை வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் எழுதிய பிறகு கொட்டேஷனின் கடைசியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: டெஃப்லான் கோட்டிங் அல்லது செராமிக் கோட்டிங். சில ஆயிரத்தில் தொடங்கி, செராமிக் என்றால் பல ஆயிரத்துக்குப் போகும். மூன்று வருஷம் தாங்கும், ஐந்து வருஷம் தாங்கும் என்பார்கள். ஆறு மாதம் கழித்தும் வண்டி மின்னுவதால், கொடுத்த காசு வீண்போகவில்லை என்று உரிமையாளரும் நம்பிவிடுகிறார். உண்மையில் அந்த மினுமினுப்பைத் தருவது, தொழிற்சாலையிலேயே பெயின்ட்டுக்கு மேல் அடித்த கிளியர் கோட். அதன்மேல் தடவிய மெழுகோ சீலன்ட்டோ முழுவதும் போன பின்னும் கார் நன்றாகவே மின்னும். ஆகவே பூச்சு இருக்கிறதா என்பதற்குப் பளபளப்பு சாட்சி ஆகாது. அதற்கான சோதனை ஒரு செம்புத் தண்ணீரில் இருக்கிறது. அந்தச் சோதனையைச் செய்து பதிவு வைத்திருப்பவருக்குத்தான் நுகர்வோர் சட்டமும் கைகொடுக்கும்.

பூச்சின் ஆயுளைத் தீர்மானிப்பவை ஊரின் வெயிலும் தண்ணீரும் தூசியும்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் மூன்றுமே கடுமை. கார் மெழுகில் பெயர்பெற்ற கார்னோபா, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுப்பது. உருகுநிலை 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். மே மாத வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானட் 70 டிகிரியை நெருங்கும். உருகாவிட்டாலும் அந்த மெழுகு வேகமாகத் தேயும். பாலிமர் சீலன்ட் சில மாதம் கூடுதலாக நிற்கும், முறையாகப் பூசிய செராமிக் அதைவிட நீடிக்கும். ஆனால் உப்பு மிகுந்த போர் தண்ணீரில் கழுவி வெயிலிலேயே காயவிட்டால், சுண்ணாம்புத் திட்டுகள் எந்தப் பூச்சின் மேலும் படியும். குவாரிப் பகுதிகளின் கல் தூசியையும் செம்மண் புழுதியையும் காலையில் உலர்ந்த துணியால் தட்டித் துடைப்பது, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல. கட்டுமாவடியிலிருந்து மீமிசல் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. டெஃப்லான் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்குத் தோசைக்கல் நினைவுக்கு வரும். அந்தப் பொருள் உருகுவதே 327 டிகிரியில். தோசைக்கல்லில் அது சூளைச் சூட்டில் இறுகப் பிடிக்கிறது. காரின் பெயின்ட் அந்தச் சூட்டைத் தாங்காது. ஷோரூமில் துணியால் தேய்த்துப் பூசுவதும் தோசைக்கல் பூச்சும் ஒரே உறுதி உடையவை என்று நினைக்க வேண்டாம்.

சோதனைக்கு வண்டியை நிழலில் நிறுத்தி, பானட் ஆறிய பிறகு கார் ஷாம்பூ போட்டுக் கழுவி நன்றாக அலசுங்கள். பிறகு செம்பில் தண்ணீர் எடுத்து பானட் மேல் மெதுவாக ஊற்றுங்கள். பூச்சு இருந்தால் தண்ணீர் முத்து முத்தாகத் திரளும், அல்லது ஒரே வீச்சில் வழிந்தோடி, போன வழியில் ஈரமே இல்லாமல் விட்டுச் செல்லும். பூச்சு போயிருந்தால் தண்ணீர் தட்டையாகப் படர்ந்து, ஓரங்கள் கோணல்மாணலாகி, அப்படியே தேங்கிக் கிடக்கும். இதையே கூரையிலும் கதவிலும் செய்து பாருங்கள். வெயில் நேராக விழும் பானட்டும் கூரையும்தான் முதலில் தேயும். கதவில் உருண்டோடும் தண்ணீர் பானட்டில் படர்ந்து நின்றால், தேய்மானம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். துடைக்கும் துணி வழுக்காமல் பிடித்துப் பிடித்து நகர்வதும் இன்னொரு அடையாளம்.

முத்து நின்றால் போதுமா என்று கேட்கலாம். போதாது. வாட்டர் வாஷ் கடையில் கடைசியாக அடிக்கும் ஸ்பிரே சில நாளைக்கு முத்துகளை வரவழைக்கும். மறுபுறம், எண்ணெய்ப் புகை படிந்தால் நல்ல பூச்சின் மேலும் தண்ணீர் படரும். அதனால்தான் நன்றாகக் கழுவிய பிறகே பார்க்க வேண்டும், ஸ்பிரே அடித்து சில வாரமாவது ஆகியிருக்க வேண்டும். இக்காலத்துக் கிளியர் கோட்டே போதும், மெழுகு எதற்கு என்பாரும் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது: பூச்சு போனதால் மட்டும் வண்டி மறுநாளே கெட்டுவிடாது. ஆனால் கிளியர் கோட்டின் கனம் சுமார் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. பறவை எச்சம் வெயிலில் காய்ந்தால் அதை அரித்துக் குழி விழச் செய்யும். அதைவிடப் பெரிய ஆபத்து, பூச்சு போய்விட்டது என்றதும் காம்பவுண்ட் போட்டு ரப்பிங் பாலிஷ் அடிப்பது. பாலிஷ் சுரண்டுவது, மெழுகு மூடுவது. ஒவ்வொரு ரப்பிங்கிலும் கிளியர் கோட் கொஞ்சம் குறையும். அது தீர்ந்து உரிந்தால் மறு பெயின்டிங்கைத் தவிர வழியில்லை. மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைத்தால் வரும் மினுக்கமும் இருக்கிற மெழுகைக் கரைத்துவிட்டு வருவதே.

இனி உரிமை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முறையான சோதனை இல்லாமல் ஒரு பொருள் இத்தனை காலம் உழைக்கும் என்று உத்தரவாதம் தருவது நியாயமற்ற வணிக நடைமுறை. சோதித்துத்தான் சொன்னோம் என்று விற்றவர் வாதிட்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. பில் தராததும் நியாயமற்ற நடைமுறைதான். கோட்டிங் எடுத்தால்தான் வண்டி கிடைக்கும் என்று கட்டாயப்படுத்துவது கட்டுப்படுத்தும் வணிக நடைமுறையில் சேரும். டெலிவரிக்கு முன்பே அந்த வரியை நீக்கச் சொல்லலாம். வேண்டுமென்றே எடுப்பவர்கள், பூச்சின் பெயர், எத்தனை மாத உத்தரவாதம், எவையெல்லாம் விலக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர்த் திட்டும் பறவை எச்சமும் விலக்குப் பட்டியலில் இருந்தால், இந்த ஊரில் அந்த உத்தரவாதத்துக்கு என்ன மதிப்பு மிஞ்சும் என்று கையெழுத்துக்கு முன்பே யோசித்துக்கொள்ளலாம்.

சில ஆயிரத்துக்காகக் கோர்ட் படி ஏற வேண்டுமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியலாம். பல பிரச்சினைகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை, இணையத்திலும் மனு செய்யலாம். காரை திருச்சியிலோ மதுரையிலோ வாங்கியிருந்தாலும், புதுக்கோட்டையில் குடியிருப்பவர் புதுக்கோட்டை ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது. பிழைப்புக்காகச் சொந்தமாக டாக்சி ஓட்டுபவரும் இந்தச் சட்டத்தின்படி நுகர்வோரே. குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும் என்பதால், பூச்சடித்த வாரத்தில் ஒரு முறையும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் அந்தத் தண்ணீர்ச் சோதனையைத் தேதி தெரியும்படி செல்போனில் வீடியோ எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.