217ஆம் அறை

சகோதரிகளே, நள்ளிரவில் கூரைமேல் ஏதோ ஓடினால் பேயென்று பயந்து பிள்ளையை இறுக அணைத்துக்கொள்கிறீர்களா? அமெரிக்காவின் கொலராடோ மலைநாட்டிலுள்ள ஸ்டான்லி ஹோட்டலின் கதையைக் கேளுங்கள்.

அது 1909இல் திறக்கப்பட்டது. 1911இல் அங்கே விளக்கெரிக்கும் வாயு கசிந்து ஓர் அறையில் நிறைந்திருந்தது. விளக்கேற்றச் சென்ற பணிப்பெண்ணின் கையிலிருந்த சுடர் பட்டு அது வெடித்தது. அவள் படுகாயமடைந்தாள், சாகவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1974இல் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் மனைவியுடன் அங்கே 217ஆம் அறையில் ஓரிரவு தங்கினார். பருவம் முடிந்து ஹோட்டல் வெறிச்சோடிக் கிடந்த நேரம். தம் சிறு மகனை ஏதோ துரத்துவதாகக் கனவு கண்டு திடுக்கிட்டு எழுந்தார். 1977இல் 'தி ஷைனிங்' நாவல் வெளிவந்தது. பிறகென்ன, அந்த அறைக்கு ஒரே கிராக்கி! தங்குவோரின் உடைகளை அப்பணிப்பெண்ணின் ஆவி மடித்து வைக்கிறதாம். வெடிப்பில் தப்பியவளுக்கு மௌத்துக்குப் பின்னும் வேலை! பேய்க்கதை சொல்லி இரவில் சுற்றிக்காட்டவும் கட்டணம் வாங்குகிறார்கள்.

ஜின்கள் உண்டென்று நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். மௌத்தானவரின் ரூஹ் ஹோட்டலில் துணி மடிக்கிறது என்றல்ல.

புதிய இடத்தில் தங்கும்போது ஓதும் துஆவைக் கவ்லா பின்த் ஹகீம் (ரலி) என்ற பெண்மணி அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஓதியவரை அங்கிருந்து புறப்படும்வரை எதுவும் தீண்டாது. அடுத்த பயணத்தில் பையை இறக்கியதும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஓதுங்கள். பாடமில்லையென்றால் மத்ரஸாவுக்குப் போகும் மகளிடம் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.