டெலிபோன் பூத்துக்குள் நுழைந்தால் பார்... நியூயார்க்கின் 'ரகசிய' காக்டெய்ல் பார்களின் கதை என்ன?

நியூயார்க் நகரின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதி. செயின்ட் மார்க்ஸ் பிளேஸ் தெருவில் 'கிரிஃப் டாக்ஸ்' என்று ஒரு சின்ன ஹாட் டாக் கடை இருக்கிறது. கடைக்குள் ஓரமாக ஒரு பழைய காலத்து டெலிபோன் பூத். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ அலங்காரத்துக்கு வைத்த மாதிரிதான் தெரியும். ஆனால் உள்ளே போய் ரிசீவரை எடுத்தால் மறுமுனையில் ஒருவர் பேசுவார். உங்கள் பெயரில் இடம் பதிவாகியிருந்தால் பூத்தின் பின்பக்கச் சுவர் கதவு போலத் திறக்கும். அந்தப் பக்கம் மங்கலான வெளிச்சத்தில் ஒரு காக்டெய்ல் பார்.

அந்த பாரின் பெயர் 'ப்ளீஸ் டோன்ட் டெல்'. தமிழில் சொன்னால், 'தயவு செய்து யாரிடமும் சொல்லிடாதீங்க'. 2007-ல் திறக்கப்பட்ட இந்த இடத்தைப் பற்றி யாரும் சொல்லாமல் இருந்தார்களா என்றால், அதுதான் இல்லை. 2011-ல் உலகின் 50 சிறந்த பார்கள் பட்டியலில் முதல் இடமே இதற்குத்தான். ஊருக்கே தெரிந்த ரகசியம்!

இந்த மாதிரி இடங்களை 'ஸ்பீக்கீசி' என்கிறார்கள். லண்டன், சிங்கப்பூர், ஹாங்காங், மும்பை என்று பெருநகரம் எங்கும் இப்போது இந்த ஃபேஷன் பரவியிருக்கிறது. புத்தக அலமாரியைத் தள்ளினால் பார், சலூன் கடைக்குப் பின்னால் பார் என்று விதவிதமாக வைக்கிறார்கள். அமெரிக்கா போகும் நம்ம ஊர்க்காரர்கள் பலருக்கும் பார்க்க வேண்டிய இடங்களின் லிஸ்ட்டில் இதுவும் ஒன்று. ஆனால் முதன்முதலில் இந்தக் கதவுகளை ஏன் ஒளித்து வைத்தார்கள்? அந்தக் காலத்தில் கோப்பையில் என்ன ஊற்றினார்கள்? அது இன்றைய மங்கலான விளக்கு மாதிரி அழகான கதை இல்லை.

ஸ்பீக்கீசி... பேர் எப்படி வந்தது?

'சத்தம் போடாம பேசு' என்பதுதான் இந்தச் சொல்லின் பொருள். லைசன்ஸ் இல்லாமல் மது விற்ற இடங்களை 1880-களின் இறுதியிலேயே அமெரிக்காவில் இப்படி அழைத்திருக்கிறார்கள். ஆனால் சொல் பிரபலமானது மதுவிலக்கு வந்த பிறகுதான். அமெரிக்க அரசியல் சாசனத்தின் 18-வது திருத்தம் 1920 ஜனவரி 17-ல் அமலுக்கு வந்தது. மது தயாரிப்பது, விற்பது, கொண்டு செல்வது எல்லாம் குற்றம் என்று ஆனது. கவனியுங்கள், குடிப்பது குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஓட்டை அங்கேயே இருந்தது. டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக் கடையில் விஸ்கி கிடைத்தது. தேவாலய வழிபாட்டுக்கு ஒயின் வாங்க அனுமதி இருந்தது. மற்றவர்களுக்கு? கதவில் சின்ன ஜன்னல், தட்டினால் ஒரு கண் எட்டிப் பார்க்கும், ஆள் தெரிந்தவர் என்றால் கதவு திறக்கும்.

இதில் கில்லாடித்தனத்துக்குப் பெயர் போன இடம், மன்ஹாட்டனில் 52-வது தெருவில் இருந்த '21 கிளப்'. போலீஸ் ரெய்டு வந்தால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், பாரின் அலமாரிகள் சாய்ந்து பாட்டில்கள் எல்லாம் ஒரு குழாய் வழியாகக் கீழே போய் நொறுங்கிவிடும். சரக்கை வைத்திருந்த பாதாள அறையின் கதவு இரண்டரை டன் எடை. வெறும் செங்கல் சுவர் போலத்தான் இருக்கும். சுவரில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டையில் நீளமான கம்பியை நுழைத்தால்தான் திறக்கும். இன்னொரு விஷயம்: அந்த அறை இருந்தது பக்கத்துக் கட்டடத்துக்கு அடியில். 'இந்தக் கட்டடத்தில் மது இருக்கா?' என்று அதிகாரி கேட்டால், 'இல்லை சார்' என்று பொய் சொல்லாமலே சொல்லலாம்!

இன்னொரு மாற்றமும் நடந்தது. அதற்கு முன்பு அமெரிக்க சலூன்கள் பெரும்பாலும் ஆண்களின் கோட்டை. இந்த ரகசிய பார்களில்தான் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து ஜாஸ் இசை கேட்பது சகஜமானது.

கோப்பையில் இருந்தது என்ன?

இந்த வசீகரக் கதையை இன்றைய பார்கள் நன்றாகவே விற்கின்றன. விற்காமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. அதுதான் நமக்கு முக்கியம்.

சட்டப்படி மது தயாரிக்க முடியாது, ஆனால் பெயின்ட், வாசனைத் திரவியம் போன்ற தொழில்களுக்கு ஆல்கஹால் தேவை. அதை யாரும் குடித்துவிடக் கூடாது என்று அதில் மெத்தனால் உள்ளிட்ட நச்சுப் பொருட்களைக் கலந்து விற்றார்கள். கள்ளச்சந்தைக் கும்பல் இந்தத் தொழிற்சாலை ஆல்கஹாலைத் திருடி, கெமிஸ்ட்டுகளை வைத்து நஞ்சைப் பிரித்தெடுத்து, கலர் சேர்த்து 'ஜின்', 'விஸ்கி' என்று விற்றது. அரசு சும்மா இருக்குமா? 1926-ன் இறுதியில், கலக்கும் மெத்தனாலின் அளவை இன்னும் கூட்ட முடிவு செய்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனைக்கு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். பலர் இறந்தார்கள்.

நகரின் தலைமை மருத்துவப் பரிசோதகராக இருந்தவர் சார்லஸ் நோரிஸ். இந்தச் சாவுகளுக்கு அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று வெளிப்படையாகவே கண்டித்தார். சாகிறவர்களில் பெரும்பாலோர் நல்ல சரக்கு வாங்க வசதியில்லாத ஏழைகள் என்பதையும் சுட்டிக்காட்டினார். 21 கிளப்பில் உட்கார்ந்தவர்களுக்குக் கடல் கடந்து கடத்தி வந்த அசல் மது கிடைத்தது. தெருமுனையில் வாங்கியவனுக்குக் கிடைத்தது விஷம்.

கள்ளக்குறிச்சியை நாம் மறந்திருக்க மாட்டோம். 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் என்ற சுற்றுலா ஊரில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் ஊர் சுற்ற வந்த சாதாரண பயணிகள்தான். அதனால் 'நான் டூரிஸ்ட், எனக்கு இது வராது' என்று யாரும் சொல்ல முடியாது.

மெத்தனால் செய்வது என்ன என்று கேட்டால், அதன் வாசனையும் சுவையும் சாதாரண ஆல்கஹால் போலவே இருக்கும். குடித்தவுடன் பெரிதாக எதுவும் தெரியாது. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தாக்குகிறது. பல மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குவது, கண் முன்னால் பனி மூட்டம் போல மங்கலாவது என்று ஆரம்பிக்கும். 'ஹேங் ஓவர்தான், தூங்கினா சரியாயிடும்' என்று படுத்துவிடுவதில்தான் உயிர் போகிறது. மோர், எலுமிச்சை எதுவும் இதற்கு மருந்து இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன.

நியூயார்க்கில் லைசன்ஸ் பெற்ற பார்களில் இந்த பயம் தேவையில்லை. ஆனால் வேறு ஊர்களில், விடுதிகளில், கடற்கரை பார்ட்டிகளில் 'ஃப்ரீ ஷாட்' என்று லேபிள் இல்லாத பாட்டிலில் இருந்து ஊற்றினால் வாங்காதீர்கள். இதில் கூச்சமே பட வேண்டாம்.

ரகசியக் கதவு திரும்ப வந்தது எப்படி?

1933 டிசம்பர் 5-ல் மதுவிலக்கு முடிவுக்கு வந்தது. ஒளிய வேண்டிய அவசியமும் முடிந்தது. பிறகு ஏன் மறுபடி கதவை மறைத்தார்கள்? காரணம் சாதாரணமானது: அக்கம்பக்கத்தினர் தூக்கம்!

1999-ன் கடைசி இரவில் சாஷா பெட்ராஸ்கி என்ற இளைஞர் நியூயார்க்கின் எல்ட்ரிட்ஜ் தெருவில் 'மில்க் அண்ட் ஹனி' என்ற சிறிய பாரைத் திறந்தார். மேலே குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்பதற்காகப் பெயர்ப் பலகை இல்லை, முன்பதிவு இல்லாமல் அனுமதி இல்லை. போன் நம்பரைக்கூட அடிக்கடி மாற்றினார். உள்ளே வீட்டு விதிகளும் உண்டு. பிரபலங்களின் பெயரைச் சொல்லி அலட்டக் கூடாது. சண்டை, சத்தம் கூடாது. தெரியாத பெண்ணிடம் ஆண் வலியப் போய் அறிமுகம் செய்துகொள்ளக் கூடாது. பெட்ராஸ்கி 2015-ல் மறைந்தார். அதே இடத்தில் 2013 முதல் அவரிடம் வேலை பார்த்தவர்கள் நடத்தும் 'அட்டாபாய்' இயங்குகிறது. 2022-ல் வட அமெரிக்காவின் சிறந்த பார் என்று முதலிடம் பிடித்தது இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த பார்கள் மதுவிலக்குக் காலத்து அலங்காரத்தை எடுத்துக்கொண்டனவே தவிர, அந்தக் காலத்துச் சரக்கை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. நல்ல பார்டெண்டர்கள் பலர் அப்போது வேலை தேடி நாட்டைவிட்டே போய்விட்டார்கள். லண்டன் சவாய் ஹோட்டலில் புகழ்பெற்ற ஹாரி கிராடாக் அப்படிப் போனவர்தான். இன்று உங்கள் முன்னால் வைக்கப்படும் பல பானங்களின் மூலம் 19-ம் நூற்றாண்டுக் குறிப்புகள்.

உள்ளே போனால் எதைக் கவனிக்கலாம்?

முதலில் ஐஸ். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது. 5 சென்டிமீட்டர் பக்கம் உள்ள ஒரே ஒரு பெரிய கட்டியையும், அதே அளவு ஐஸை எட்டுத் துண்டாக வெட்டியதையும் ஒப்பிட்டால், துண்டுகளின் மேற்பரப்பு இரண்டு மடங்கு. மேற்பரப்பு கூடினால் சீக்கிரம் உருகும், பானம் தண்ணியாகிவிடும். அதனால்தான் பெரிய கட்டி. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கக் காரணம், ஒரே திசையில் இருந்து மெதுவாக உறைய வைப்பது. காற்றுக் குமிழ்கள் ஒரு ஓரத்துக்குத் தள்ளப்பட, அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடுவார்கள்.

எலுமிச்சை, முட்டை வெள்ளைக்கரு சேர்ந்தது என்றால் குலுக்குவார்கள். மது வகைகள் மட்டும் கலப்பது என்றால் நீளக் கரண்டியால் கிளறுவார்கள். குலுக்கினால் காற்று சேர்ந்து கலங்கும், கிளறினால் தெளிவாக இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே உஷார். ப்ளீஸ் டோன்ட் டெல் பாரின் மிகப் பிரபலமான பானம் 'பென்டன்ஸ் ஓல்டு ஃபேஷன்டு'. உருக்கிய பன்றிக் கொழுப்பை போர்பன் விஸ்கியில் ஊற வைத்து, ஃப்ரீசரில் வைத்து, உறைந்த கொழுப்பை வடித்து எடுத்துவிடுவார்கள். கொழுப்பு போய்விடும், புகை போட்ட வாசனை விஸ்கியில் தங்கிவிடும். பார்க்க வெறும் விஸ்கி போலவே இருக்கும். 'சவர்' வகைகளில் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு இருக்கும். ஆர்டர் செய்வதற்கு முன் கேட்டுவிடுங்கள், நல்ல பாரில் இதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். அட்டாபாயில் மெனுவே கிடையாது. புளிப்பு பிடிக்குமா, காரம் வேண்டுமா, மது வேண்டவே வேண்டாமா என்று சொன்னால் அதற்கேற்ற மாதிரி செய்து தருவார்கள். மது அருந்தாதவர்கள் தயங்கித் தயங்கி ஆரஞ்சு ஜூஸ் கேட்ட காலம் போய்விட்டது.

இனிப்பும் புளிப்பும் மதுவின் காரத்தை மறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 60 மில்லி விஸ்கி ஊற்றிய ஒரு சிறு கோப்பையில் இருக்கும் ஆல்கஹால், ஒரு முழு கேன் பீரில் இருப்பதைவிட அதிகம். ஒரு மார்ட்டினி ஏறக்குறைய இரண்டு பீர். பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது.

பில் வரும்போது...

நியூயார்க்கில் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே மது. தலை நரைத்திருந்தாலும் ஐடி கேட்பார்கள். இந்திய ஓட்டுநர் உரிமமோ ஆதார் அட்டையோ உதவாது, பாஸ்போர்ட் தேவை.

இந்த மாதிரி இடங்களில் ஒரு காக்டெய்ல் 20 டாலரை ஒட்டித்தான் இருக்கும். இரண்டு வாங்கினால் 40 டாலர் என்று நினைத்து எழுந்தால் அதிர்ச்சிதான். 8.875 சதவீத விற்பனை வரி 3 டாலர் 55 சென்ட். டிப்ஸ் 20 சதவீதம் என்பது அங்கே எழுதப்படாத சட்டம், அது 8 டாலர். மொத்தம் 51 டாலர் 55 சென்ட். டிப்ஸைத் தவிர்த்துவிட்டு வருவது சாமர்த்தியம் இல்லை. பார்டெண்டரின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். சில இடங்களில் பில்லிலேயே டிப்ஸைச் சேர்த்திருப்பார்கள், பார்த்துக்கொடுங்கள்.

கதவு ரகசியமாக இருக்கலாம், அவசர வழி ரகசியமாக இருக்கக் கூடாது. உட்கார்ந்தவுடன் 'எக்ஸிட்' பலகை எங்கே எரிகிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தால் அபராதம் உண்டு. திரும்பும்போது ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். நியூயார்க்கின் சப்வே ரயில் இரவு முழுக்க ஓடுகிறது.