மூளை ஆராய்ச்சிக்கு மூன்று நிலையங்கள் கண்டவர்

பெங்களூர் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியைத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து நோயாளிகளை அழைத்து வருவோர் பலர். அந்த வளாகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு சென்னைப் பெண்மணி, பின்னாளில் மூன்று மூளை ஆராய்ச்சி நிலையங்களுக்குத் தொடக்கத் தலைவராக விளங்கினார். அவர் பேராசிரியை விஜயலட்சுமி ரவீந்திரநாத்.

1953-ம் ஆண்டு பிறந்த அவர் வைத்தியம் படித்தவர் அல்ல. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்து, 1981-ல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உயிர் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, நிம்ஹான்சில் சேர்ந்தார்.

ஈரலின் வேலை மூளையிலும்!

நாம் விழுங்கும் மாத்திரையைச் சிதைத்து வெளியேற்றுவது பெரும்பாலும் ஈரலின் வேலை. அதற்கென்று ஈரலில் சில நொதிகள் இருக்கின்றன. "மூளையில் அவை இல்லையா?" என்று ஆராய்ந்தார் விஜயலட்சுமி. மனித மூளையிலும் அவை உண்டு என்று அவரும் உடன் பணியாற்றியோரும் 1989-ல் கட்டுரை வெளியிட்டனர். மனநோய் மருந்து ஒருவருக்குக் கேட்பதும் இன்னொருவருக்குக் கேட்காததும் ஏன் என்று அறிய, ரத்தத்தை மட்டும் சோதித்தால் போதாது. மூளைக்குள்ளே மருந்து என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கியது.

கேசரிப் பருப்பையும் அவர் விட்டுவைக்கவில்லை. மழை பொய்த்தாலும் விளையும் இந்தப் பருப்பை, பஞ்ச காலத்தில் மாதக்கணக்காகத் தின்ற வட இந்திய ஏழைகளுக்குக் கால்கள் விறைத்து முடங்கிப் போயின. பருப்பில் உள்ள நச்சு, நரம்புத் திசுக்களுக்குச் சக்தி தரும் பகுதியையே தாக்குகிறது என்று அவரது ஆய்வு காட்டியது. 1996-ல் பட்னாகர் பரிசு அவரைத் தேடி வந்தது.

மானேசரில் புதிய நிலையம்

1999-ல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை தேசிய மூளை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் பொறுப்பு விஜயலட்சுமிக்கு வந்தது. அரியானா மாநிலம் மானேசரில் கட்டடம் எழுப்புவது முதல் ஆட்களைத் தேர்வு செய்வது வரை எல்லாம் அவர் தலையில். வேதியியல் படித்தவர், டாக்டர், கம்ப்யூட்டர் கணக்கு தெரிந்தவர், மனோதத்துவ நிபுணர் எல்லோரும் சேர்ந்து உழைத்தால்தான் மூளையைப் புரிந்துகொள்ள முடியும் என்பது நிலையத்தின் அடிப்படை. 2002-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 2003 டிசம்பரில் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தவர் ஜனாதிபதி அப்துல் கலாம்.

நாற்காலியில் அமர்ந்ததும் சோதனைக் குழாயை மறந்துவிடும் விஞ்ஞானிகள் உண்டு. இவர் ஆய்வை விடவில்லை. 2009-ல் பெங்களூர் திரும்பி, டாட்டா இன்ஸ்டிடியூட் என்று பழைய ஆட்கள் சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் நரம்பியல் ஆய்வு மையத்தின் முதல் தலைவரானார். 2010-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2012-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு பலரை வியக்க வைத்தது. அல்சைமர் என்னும் மறதி நோய்க்கு ஆளான எலிகளுக்கு அமுக்கிராக்கிழங்கின் சாறு தரப்பட்டது. மூளையில் படிந்த நச்சுப் புரதம் குறைந்தது. சாறு வேலை செய்த இடமோ ஈரல்! ஆனால் இது எலிகளில் கண்ட பலன்தான். இதை நம்பி யாரும் கடையில் பொடி வாங்கித் தாமே வைத்தியம் செய்துகொள்ளலாகாது.

கோலார் கிராமங்களில்...

மூன்றாவதாக அவர் தொடக்க இயக்குநராகப் பொறுப்பேற்றது, அதே கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம். இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் அறக்கட்டளை அதற்கு நிதி தந்தது.

தங்கவயலால் தமிழர்களுக்குப் பழகிய கோலார் மாவட்டத்தில், சீனிவாசபுரம் தாலுகா கிராமங்களை அம்மையம் தேர்ந்தெடுத்தது. 45 வயதுக்கு மேற்பட்ட 10,000 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பரிசோதிப்பது திட்டம். ரத்தம், நினைவாற்றல், மூளைப் படம் எல்லாம் பார்க்கப்படுகின்றன. மறதி நோய் பற்றிய அறிவு பெரும்பாலும் மேல்நாட்டாரை ஆராய்ந்து கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கு அந்த அளவுகோல் பொருந்துமா என்பதே கேள்வி.

இதில் நமக்கும் அக்கறை உண்டு. ஊரில் தனியே இருக்கும் தாய் தந்தையர் அடுப்பை அணைக்க மறந்தாலோ, பழகிய தெருவில் வழி தவறினாலோ, "வயசாச்சு" என்று விட்டுவிடுவது நம் வழக்கம். அது நோயாக இருக்கலாம். ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் நடு வயதிலேயே கட்டுக்குள் வைத்தால் அந்த ஆபத்தைக் குறைக்கலாம் என்கிறது இன்றைய மருத்துவம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பெற்றோரை டாக்டரிடம் ஒருதரம் காட்டி வருவது நல்லது.