‘எக்ஸ்போஸிதோ’... இந்த ஸ்பானிஷ் குடும்பப் பெயருக்குப் பின்னால் இப்படியொரு கதையா?

நெட்ஃப்ளிக்ஸில் ‘எலைட்’ தொடர் பார்த்தவர்களுக்கு கார்லாவைத் தெரியாமல் இருக்காது. அந்த வேடத்தில் நடித்தவர் ஸ்பெயின் நடிகை எஸ்தர் எக்ஸ்போஸிதோ. எஸ்பான்யோல் கால்பந்து அணியின் நடுக்கள வீரர் ஒருவரின் பெயர் எடு எக்ஸ்போஸிதோ. ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் கஸ் ஃப்ரிங்காக மிரட்டினாரே ஜியான்கார்லோ எஸ்போஸிதோ, அவருடைய பெயரும் இதன் இத்தாலிய வடிவம்தான்.

கேட்க ஸ்டைலாக இருக்கும் இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ‘வெளியே வைக்கப்பட்டவர்’. இன்னும் நேராகச் சொன்னால், கைவிடப்பட்ட குழந்தை!

யார் வைத்த பெயர் இது?

ஸ்பானிஷ் குடும்பப் பெயர்களில் பல, ‘யாருடைய பிள்ளை’ என்பதைச் சொல்பவை. ரொட்ரிகஸ் என்றால் ரொட்ரிகோவின் மகன். பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் மகன். அதுபோக, ஸ்பெயினில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு: ஒன்று அப்பா வழி, இன்னொன்று அம்மா வழி.

சரி, அப்பா, அம்மா இருவருமே யாரென்று தெரியாத குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது? அதற்கு வந்த பதில்தான் ‘எக்ஸ்போஸிதோ’. ‘எக்ஸ்போசிட்டுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இது.

அந்தக் காலத்தில் அநாதைக் குழந்தைகளை வளர்க்கும் இல்லங்களின் சுவரில் ‘தோர்னோ’ என்ற சுழலும் மரப்பெட்டி இருக்கும். வெளியிலிருந்து குழந்தையை அதில் வைத்து, மணியை அடித்து, பெட்டியைத் திருப்பினால் போதும். உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். விட்டுச் சென்றது யாரென்று யாருக்கும் தெரியாது. என்றைக்காவது திரும்ப வந்து அடையாளம் காட்டுவதற்காக, பாதியாக உடைத்த பதக்கம், ரிப்பன், துண்டுச் சீட்டு என எதையாவது குழந்தையோடு வைத்துவிட்டுப் போன தாய்மார்களும் உண்டு.

பெயரே வசையாக மாறியது எப்படி?

அந்தக் குழந்தை வளர்ந்து வேலைக்குப் போகும்போதும், கல்யாணம் பேசும்போதும், பெயரைச் சொன்ன அடுத்த நொடியே பிறப்பின் கதை வெளியே வந்துவிடும். அவமானம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரை தொடர்ந்தது.

இதைத் தடுக்க 1794-ல் ஸ்பெயின் மன்னர் நான்காம் கார்லோஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். கைவிடப்பட்ட குழந்தைகளைச் சட்டத்தின் முன் முறையாகப் பிறந்தவர்களாகவே கருத வேண்டும். அவர்களின் பிறப்பைச் சொல்லித் திட்டினால் தண்டனை என்றது அந்த ஆணை. ஆனால், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

கடல் தாண்டிய பெயர்

ஸ்பெயின் ஆட்சி போன இடத்துக்கெல்லாம் இந்தச் சொல்லும் போனது. புவெனஸ் ஐரிஸ் நகரில் 1779-ல் இப்படியொரு இல்லம் தொடங்கப்பட்டது. அதன் செலவுக்கு வருமானம் வேண்டுமே? அதற்காக அடுத்த ஆண்டே ஓர் அச்சகம் திறந்தார்கள். அதன் பெயரே ‘எக்ஸ்போஸிதோ குழந்தைகளின் அச்சகம்’! நகரின் முதல் அச்சகமும் அதுதான். 1810-ல் அர்ஜென்டினா புரட்சி வெடித்தபோது, புரட்சி அரசின் செய்தித்தாள் அச்சானதும் அங்கேதான்.

பிற்காலத்தில் அதே அர்ஜென்டினாவில் டேங்கோ பாடலாசிரியராகப் புகழ்பெற்ற ஒருவரின் பெயர், ஓமெரோ எக்ஸ்போஸிதோ.

எப்படிச் சொல்லணும்?

எக்ஸ் – போ – ஸி – தோ. மொத்தம் நான்கு அசை. அழுத்தம் ‘போ’ மேல் விழணும்.

* ஸ்பானிஷில் உயிரெழுத்தில் முடியும் சொல்லுக்குப் பொதுவாகக் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம் வரும். அப்படிப் பார்த்தால் ‘ஸி’யை அழுத்தணும். ‘இங்கே அந்த விதி இல்லை, போ-வை அழுத்துங்க’ என்று சொல்லத்தான் அந்த எழுத்தின் தலையில் சாய்ந்த கோடு போடுகிறார்கள்.

* கடைசி எழுத்து ‘டோ’ இல்லை, ‘தோ’. ஆங்கிலம் பேசுபவர்கள் தடுமாறும் இந்த ஒலி நமக்கு ரொம்ப ஈஸி. நம்ம ‘தோழி’யில் வரும் அதே ‘தோ’தான்.

* மெக்ஸிகோவை ஸ்பானிஷில் ‘மெஹிகோ’ என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு இங்கேயும் ‘ஹ’ போட்டுவிடாதீங்க. இங்கே அது ‘க்ஸ்’. வேகமாகப் பேசும்போது ‘க்’ மறைந்து, ‘எஸ்போஸிதோ’ என்றே காதில் விழும்.

மாற்ற வழி இருந்தும்...

1957-ல் வந்த ஸ்பெயினின் பதிவுச் சட்டம், ‘எக்ஸ்போஸிதோ’ போன்ற பெயர்களை வேறு சாதாரணப் பெயராக மாற்றிக்கொள்ள வழி செய்தது. அடுத்த ஆண்டு வந்த விதிகள், பெற்றோர் தெரியாத குழந்தைக்கு அதிகாரிகள் இனி இந்தப் பெயரை வைக்கவே கூடாது என்று தடை போட்டன.

ஆனாலும், மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அதனால்தான் இன்றைக்கும் நடிகர் பட்டியலிலும் ஜெர்ஸியின் முதுகிலும் இந்தப் பெயரைப் பார்க்க முடிகிறது.

பெற்றோர் யாரென்று தெரியாததால் வைக்கப்பட்ட பெயர் இது. இன்று ஸ்பெயினில் இந்தப் பெயரோடு பிறக்கும் குழந்தைக்கு, அது அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோதான் கிடைக்கிறது.