காற்றுவழி வரும் இணையம்

புதிதாக மின்னிணைப்புப் பெறும் குடும்பம் எதுவும், தன் வீட்டுக்கு வரும் மின்சாரம் எதிர்வீட்டு மின்சாரத்தினும் மெலிந்ததாக இருக்குமோ என்று ஐயுறுவதில்லை. இணைய இணைப்பும் அத்தகையதே என்று பலர் எண்ணுகின்றனர். கண்ணாடியிழை வடத்தின் வழியே வரும் இணையத்திற்கு அவ்வெண்ணம் பெருமளவு பொருந்தும். அலைபேசிக் கோபுரத்திலிருந்து காற்றுவழி வரும் இணையத்திற்குப் பொருந்தாது. ஒரே தெருவில், ஒரே நிறுவனத்திடம், ஒரே கட்டணத்திற்குப் பெற்ற இரண்டு இணைப்புகள் எதிரெதிர் வீடுகளில் வெவ்வேறு வகையில் இயங்கக்கூடும். விளம்பரம் ஊருக்குப் பொதுவானது. அலையோ வீட்டுக்கு வீடு வேறுபடுவது.

இவ்வேறுபாடு திரைப்படம் பார்ப்போரை மட்டும் பாதிப்பதன்று. தமிழ்நாட்டில் பொறியியல் மாணவர் சேர்க்கைக் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையவழியில் நடைபெற்று வருகிறது. விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் மாணவர்கள் வரிசைப்படுத்திக் குறித்த நாளுக்குள் பதிவுசெய்தாக வேண்டும். கல்வி உதவித்தொகை, போட்டித் தேர்வு விண்ணப்பம், சான்றிதழ் வேண்டுதல் ஆகியனவும் இணையத்தையே நாடி நிற்கின்றன. கடைசி நாள் மாலையில் இணைப்பு தளர்ந்தால் இழப்பு பெரிது. ஆகவே, இணைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அது எவ்வாறு வீடு வந்து சேர்கிறது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

கம்பி எட்டாத இடங்கள்

கண்ணாடியிழை வடத்தைக் கம்பங்களின் மீதோ மண்ணுக்கு அடியிலோ கொண்டுசெல்ல வேண்டும். நெருக்கமான தெருவில் ஒரு வடத்திலிருந்து பல வீடுகளுக்கு இணைப்புத் தரலாம். கொங்குப் பகுதியில் வயல்களுக்கு நடுவே தனித்தனியே நிற்கும் தோட்டத்து வீடுகளுக்கும், மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கும் வடம் இழுக்க ஆகும் செலவு, அங்கிருந்து வரும் கட்டணத்தால் ஈடாவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே நிலைத்த கம்பியில்லா இணைப்பு. இணையம் கோபுரம் வரை பெரும்பாலும் வடத்திலேயே வருகிறது. கோபுரத்திலிருந்து வீடு வரையுள்ள கடைசித் தொலைவை மட்டும் அலை கடக்கிறது. வீட்டின் கூரைமீதோ சுவரிலோ பொருத்தப்பட்ட அலைவாங்கி அவ்வலையைப் பெற்று, ஒரு கம்பியின் மூலம் உள்ளே இருக்கும் ரவுட்டருக்கு அளிக்கிறது. ரவுட்டர் அதனை வைஃபையாக அறைகளுக்குப் பரப்புகிறது.

அலைபேசியும் அதே கோபுரத்தையே நாடுகிறது. எனினும் வேறுபாடு உண்டு. அலைபேசி, சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு அலைவாங்கியைக் கொண்டு அறைக்குள்ளிருந்தே அலையைத் தேடுகிறது. வீட்டுக்கு வெளியே உயரத்தில் பொருத்தப்படும் அலைவாங்கி பெரியது, ஓரிடத்தில் நிலைத்திருப்பது, கோபுரம் இருக்கும் திசையை நோக்கித் திருப்பி வைக்கத்தக்கது. 'நிலைத்த' என்னும் அடைமொழியின் சிறப்பு இதில்தான் இருக்கிறது.

மேலூரில் ஒரு முன்னோடி முயற்சி

இந்தியாவில் 5ஜி சேவை 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஏர்டெல் நிறுவனமும் செப்டம்பரில் ஜியோ நிறுவனமும் 5ஜி அலைகளைக் கொண்டு வீடுகளுக்கு இணையம் வழங்கத் தொடங்கின. 'ஏர்ஃபைபர்' என்னும் வணிகப்பெயர் அப்போதுதான் மக்கள் வழக்கில் நுழைந்தது. ஆயினும், இக்கருத்து தமிழ்நாட்டுக்குப் புதியதன்று.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான குழு, 1990களில் மிடாஸ் என்னும் சென்னை நிறுவனத்துடன் இணைந்து 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. கோபுரத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் இடையே தடையற்ற பார்வைக்கோடு இருப்பின் 10 கிலோமீட்டர் வரை அது பயன்பட்டது. தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையத்தைப் பயன்படுத்தலாம். பேச்சு இல்லாதபோது 70 கிலோபிட் கிடைக்கும். இன்றைய அளவில் இவ்வேகம் மிகச் சிறியது. ஆயினும், தொலைபேசிக் கம்பியே எட்டாத சிற்றூர்களுக்கு அது பெரும்பேறாக விளங்கியது.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்துச் சிற்றூர்களில் 2001ஆம் ஆண்டு முதல் இம்முறையில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. உள்ளூர் மக்களே அவற்றை நடத்தினர். மையத்துக்கு வந்தோரின் கண்களைப் படம்பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி, மருத்துவரின் கருத்தைப் பெறும் ஏற்பாடும் இருந்தது. பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் மிச்சமாயின. எனினும், சில ஆண்டுகளுக்குள் அம்மையங்களுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. கருவிகள் பழுதானபோது சீர்செய்ய நீடித்த தொழில்நுட்ப உதவி கிடைக்காமற் போனது அதற்குரிய காரணங்களுள் ஒன்று. இணைப்பைத் தருவோர் யார் என்பதைக் காட்டிலும், பழுதானால் வந்து பார்ப்போர் யார் என்பது சிற்றூர்களைப் பொறுத்தவரை இன்றும் முதன்மையான வினாவே.

அலையும் தடையும்

திறந்தவெளியில் தொலைவு இரு மடங்கானால், அலைவாங்கியை வந்தடையும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். இஃது இயற்பியல் விதி. எந்த நிறுவனத்தாலும் மாற்ற இயலாதது. தொலைவினும் கூடுதலாகத் தொல்லை தருவன தடைகள். இந்தியாவில் 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் அலைக்கற்றை 3.3 கிகாஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்குகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். அலைநீளம் குறையக் குறைய, தடைகளைச் சுற்றி வளைந்து செல்லும் இயல்பும் குறைகிறது. கம்பிகள் நிறைந்த கற்காரைச் சுவரும் தகரக் கூரையும் உலோகப் பூச்சுடைய கண்ணாடியும் அலையைப் பெரிதும் தடுக்கின்றன. இலைகளில் உள்ள நீர் அலையை உறிஞ்சுகிறது. தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கும் வீட்டில், காற்றில் ஓலைகள் அசையும்தோறும் வேகம் ஏறி இறங்குவதும், மழை விட்ட பின்னும் ஈர ஓலைகளால் இணைப்பு தளர்வதும் இதனாலேயே நிகழ்கின்றன. கோடையில் இலையுதிர்ந்து நின்ற மரத்தைப் பார்த்து இணைப்பு வாங்கியவர், மழைக்காலத்தில் அது தழைத்து நிற்கும்போது குறை உணர்வார்.

இதைவிடக் குறுகிய அலைகளும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஏலத்தில் விற்கப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையின் அலைநீளம் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அது மிகுதியான தரவைச் சுமக்கும், ஆனால், சுவரையும் மரத்தையும் கடக்க இயலாது, பெருமழையிலும் வலுவிழக்கும்.

தெரிந்து தெளிவோம்
5ஜி காலத்தின் புதுமையாகக் கருதப்படும் மில்லிமீட்டர் அலைகளை, 1890களிலேயே கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் தம் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 5 மில்லிமீட்டர் முதல் 25 மில்லிமீட்டர் வரை நீளமுடைய அலைகளை அவர் ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலப்படாத அலை தொலைவிலிருந்து மணியை ஒலிக்கச் செய்வதையும் வெடிமருந்தைப் பற்றவைப்பதையும் பொதுமக்கள் முன்னிலையில் செய்து காட்டினார்.

பகிர்ந்துகொள்ளப்படும் கோபுரம்

தடையே இல்லாத வீட்டிலும் வேகம் நாள் முழுதும் ஒரே சீராக இராது. கோபுரத்தின் ஒரு பக்கத்து அலைவாங்கி குறிப்பிட்ட அளவு தரவையே ஒரு நொடியில் அனுப்பவல்லது. அத்திசையிலுள்ள அலைபேசிகளும் வீட்டு இணைப்புகளும் அதனைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓர் ஏரிப் பாசனத்தை இதற்கு ஒப்புக்கூறலாம். ஏரியில் நீர் நிறைந்திருப்பினும், எல்லா வயலுக்கும் ஒரே வேளையில் மடை திறந்தால் கடைமடையில் நீர் மெலிந்தே பாயும். மாலை ஏழு மணிக்குமேல் ஊரார் அனைவரும் வீடு திரும்பிய பின்னர் வேகம் குறைவது இவ்வகையானது. காலை பதினொரு மணிக்குச் சோதித்துக் காட்டி விற்பனை செய்வோர் பொய் கூறுவதில்லை. மடையில் வேறெவரும் இல்லாத வேளையைக் காட்டுகின்றனர், அவ்வளவே.

கண்ணாடியிழை இணைப்பிலும் பகிர்வு உண்டு. ஆனால், ஓர் இழையின் கொள்ளளவு மிகப் பெரிது. மரமும் மழையும் அதனைத் தொடுவதில்லை. எனவே, தெருவரை நம்பகமான கண்ணாடியிழை வந்துள்ள இடத்தில் அதனை விடுத்துக் காற்றுவழி இணைப்பை நாடுவதற்குத் தக்க காரணம் வேண்டும். அடிக்கடி வீடு மாறும் வாடகைக் குடும்பம், சாலைப் பணிகளால் வடம் மீண்டும் மீண்டும் அறுபடும் பகுதி ஆகியன அத்தகைய காரணங்கள். வடமும் இல்லை, கோபுரமும் கண்ணுக்கெட்டவில்லை என்னும் இடங்களுக்குச் செயற்கைக்கோள் இணையம் உதவும். புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், வினா சென்று விடை திரும்ப ஏறத்தாழ அரை நொடி ஆகும். எழுத்தைப் படிக்க அது தடையன்று, உரையாடலுக்குத் தடையே.

எண்களின் பொருள்

'நொடிக்கு 100' என்னும் விளம்பரத்தில் குறிக்கப்படுவது மெகாபிட். கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் குறிக்கப்படுகிறது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே, 100 மெகாபிட் வேகத்தில் ஒரு நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே வரும். 1000 மெகாபைட் கோப்பு வந்து சேர 80 நொடிகள் ஆகும். அதுவும் வேகம் முழுமையாகக் கிடைத்தால் மட்டுமே.

பெரிய எண் எப்போதும் தேவைப்படுவதன்று. தெளிவான காணொளி ஒன்றைப் பார்க்க நொடிக்கு 5 மெகாபிட் போதும். இருவர் காணொளி பார்க்க, ஒருவர் நேரலை வகுப்பில் இருக்க, மற்றொருவர் செய்தி படிக்கும் வீட்டுக்குக் குறையாமல் கிடைக்கும் 30 மெகாபிட், மாலையில் 10 ஆகச் சுருங்கும் 300 மெகாபிட்டைவிட மேலானது. இந்தியாவில் அகன்ற அலைவரிசை எனப் பெயர்பெறுவதற்குரிய குறைந்தபட்ச வேகம் 2023ஆம் ஆண்டில் 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. முன்னர் அது 512 கிலோபிட்டாக இருந்தது. அது தாழ்ந்த எல்லை மட்டுமே. வீட்டின் தேவைக்கு அளவுகோல் அன்று.

பதிவேற்ற வேகம் விளம்பரங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் கோபுரமும் வீடும் மாறி மாறிப் பேசுகின்றன. நேரத்தின் பெரும்பங்கு கோபுரத்திலிருந்து வீட்டுக்கு வரும் தரவுக்கே ஒதுக்கப்படுகிறது. பாடம் கேட்கும் மாணவருக்கு இதனால் குறையில்லை. இணையவழியில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும், ஒளிப்படங்களை அனுப்பித் தொழில் செய்வோருக்கும் பதிவேற்ற வேகமே உயிர்நாடி.

கட்டண எண்ணையும் கூர்ந்து நோக்க வேண்டும். அறிவிக்கப்படும் தொகையுடன் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேரும். 600 ரூபாய் என்பது 708 ரூபாயாகும். நிறுவும் கட்டணமும் கருவிக்கான வைப்புத்தொகையும் தனியே இருக்கலாம். 'வரம்பற்றது' எனக் கூறும் திட்டங்களிலும், மாதத்திற்கு இத்தனை ஜிபி கடந்தால் வேகம் குறைக்கப்படும் என்னும் நிபந்தனை சிறிய எழுத்தில் இருப்பதுண்டு.

சோதித்தறிதல்

நிறுவனங்கள் வெளியிடும் வலைப்பரப்பு வரைபடத்தில் ஊர் முழுவதும் ஒரே வண்ணத்தில் காணப்படலாம். பின்வாசல் வேப்பமரம் அவ்வரைபடத்தில் இராது. அதனை வீட்டார்தாம் அறிவர். அதே நிறுவனத்தின் 5ஜி அலைபேசி ஒன்றை இரவல் பெற்று மொட்டைமாடியில் நின்று சோதிப்பது எளிய வழி. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'மைஸ்பீட்' செயலி இதற்கு உதவும். திரையில் தோன்றும் கோடுகளை மட்டும் நம்பலாகாது. எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு அலைபேசி நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துள்ளது. காலையிலும், குறிப்பாக இரவு எட்டு மணியளவிலும், ஒரு வாரம் சோதித்து எழுதி வைத்த எண்களுள் மிகக் குறைந்ததே அவ்வீட்டுக்குரிய உண்மையான வேகம். அவ்வாரத்தில் ஒரு மழைநாள் அமையுமாயின் மிகவும் நன்று.

மின்தடையையும் கருத்திற்கொள்ள வேண்டும். கோபுரத்துக்கு மின்கலமும் மின்னாக்கியும் உண்டு. வீட்டிலுள்ள ரவுட்டருக்கும் அதன்வழி மின்சாரம் பெறும் வெளி அலைவாங்கிக்கும் இல்லை. சிறிய யுபிஎஸ் ஒன்று சில மணி நேரத்திற்கு அவற்றை இயக்கும். வெளிக்கருவி உயரத்தில் இருப்பதால் இடியிலிருந்து காக்கும் நிலத்தொடர்பு உள்ளதா என்பதையும் பொருத்த வருபவரிடம் கேட்டறிதல் நலம்.

ஆறு மாதம் அல்லது ஓராண்டுக் கட்டணத்தை ஒருசேரச் செலுத்துவோருக்குத் தள்ளுபடி தரப்படுகிறது. வடவழி இணைப்பில் அது இலாபமாக அமையலாம். பருவத்திற்கு ஏற்ப மாறும் காற்றுவழி இணைப்பில், ஒரு மழைக்காலத்தைக் கண்டறியும் வரை மாதந்தோறும் செலுத்துவதே அறிவுடைமை. குறை நேரின் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்திலும், அங்குத் தீராவிடில் அதன் மேல்முறையீட்டு அமைப்பிலும் முறையிடலாம். புகார் எண்ணையும் சோதனையில் பெற்ற வேகங்களையும் நாளிட்டு வைத்திருப்போரின் முறையீடு வலுப்பெறும். முதல் மாதத்திலேயே இணைப்பைத் திருப்பித் தர நேர்ந்தால் வைப்புத்தொகையில் எவ்வளவு பிடித்துக்கொள்ளப்படும் என்பது, கருவியைப் பொருத்தச் சுவரில் துளையிடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறவேண்டிய விடையாகும்.