குடலின் பணியும் நம் கடமையும்



உண்பதைப் பற்றி நாம் யாவரிடமும் மகிழ்ந்து பேசுகிறோம். உண்டதன் கழிவு வெளியேறுவதைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறோம். ஆயினும், கழிவு உரிய நேரத்தில் உடலை விட்டு நீங்குவதும் உரிய இடத்தில் சென்று சேர்வதும் நல்வாழ்வுக்கு இன்றியமையாதவை. இவ்விரண்டில் எது தவறினும் துன்பம் நம்மையே சேரும்.

நாம் காலையில் உண்ணும் இட்டிலியோ நாசி லெமாக்கோ இரைப்பையில் சில மணி நேரம் கடையப்பட்டுக் கூழாகிறது. பின்னர் அது சிறுகுடலை அடைகிறது. வளர்ந்த மனிதரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. அங்குப் பித்தநீரும் கணையநீரும் கலந்து உணவைச் செரிக்கச் செய்ய, சத்துகள் குடற்சுவரின் வழியே உடலிற் சேர்கின்றன. எஞ்சிய நீர்த்த சக்கை, ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்குச் செல்கிறது. குடலின் தசைகள் அலையலையாகச் சுருங்கி விரிந்து அதனை முன்னே தள்ளுகின்றன. மண்புழு ஊர்வதைக் கண்டோர்க்கு இவ்வசைவு எளிதில் விளங்கும்.

பெருங்குடலின் முதன்மையான வேலை நீரை உறிஞ்சுவதாகும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் நீர்மம் அதனுள் வருகிறது. மலத்தோடு வெளியேறுவதோ 100 முதல் 200 மில்லிலிட்டரே. மலம் மலக்குடலை அடைந்து அதன் சுவரை விரிக்கும்போது நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அதுவே நாம் உணரும் உந்துதல். ஆசனவாயில் இரண்டு தசை வளையங்கள் உள்ளன. உள்வளையம் தானே இயங்கும். வெளிவளையம் நம் விருப்பத்திற்குக் கட்டுப்படும்.

பெரட்டுக்கு நேரமாயிற்று, பள்ளிப் பேருந்து வந்துவிட்டது என்று நாம் அடக்கினால் உந்துதல் மறையும்; மலமோ உள்ளேயே தங்கும். தங்கத் தங்க நீர் உறிஞ்சப்பட்டு அது இறுகும். வெளியேறும்போது வலிக்கும், வலிக்கு அஞ்சிப் பிள்ளை மேலும் அடக்கும். நாட்பட்டால் மலக்குடல் விரிந்து உணர்வு மங்கும். இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் தானே கசிந்து உள்ளாடையிற் படும். இது சோம்பலன்று, பிடிவாதமுமன்று. அப்பிள்ளையை அடிப்பதும் ஏளனம் செய்வதும் தகா. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நாமாகவே அடிக்கடி பேதி மருந்து கொடுப்பதும் நன்றன்று.

உணவு இரைப்பையில் இறங்கியவுடன் பெருங்குடலும் சுறுசுறுப்படைகிறது. ஆதலின், சற்று முன்னதாக எழுந்து பசியாறி, அதன்பின் ஐந்து முதல் பத்து நிமிடம் கழிவறையில் அமரப் பழகுதல் நலம். கங்குங் கீரை, பப்பாளி, கொய்யா ஆகியவற்றின் நார்ச்சத்தும், போதிய நீரும் மலத்தை இளக வைக்கும்.

இனி, உரிய இடத்தைப் பற்றிக் காண்போம். கொக்கிப்புழு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுடையது. சிறுகுடலைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சி வாழ்வது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கின்றன. அப்புழுக்குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகின்றன. இவ்வழியை 1898-ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்னும் அறிஞர் கண்டார். புழுக்குஞ்சுகள் கலந்த நீர் தற்செயலாகத் தம் கையிற் சிந்தியதே அதற்கு வழிகாட்டியது.

மழையும் மரநிழலும் மிகுந்த மலாயாத் தோட்டங்கள் அப்புழுவுக்கு ஏற்ற இடமாயின. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனத்தின் குழுவொன்று மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் இந்நோயை ஆராய்ந்தது. புழு மிகுந்தால் இரத்தம் குறையும். இரத்தம் குறைந்தால் உழைக்கும் வலிமை குறையும். காலை முதல் மாலை வரை பாடுபட்ட நம் முன்னோருள் சோகையால் வாடியோரை வெறும் சோம்பேறிகள் என்று இகழ்வது எத்துணைப் பிழை!

நம் உலு திராம் வட்டாரத்து மண்ணும் ஈரமானதே. ஆகவே, வெளியிடங்களில் மலங்கழித்தலை முற்றும் தவிர்ப்போம், காலணி அணிவோம், சோப்பினால் கைகளைக் கழுவுவோம். பள்ளிக் கழிவறையில் நீரும், தூய்மையும், தாழிடக்கூடிய கதவும் இருக்குமாறு பெற்றோரும் ஆசிரியரும் பார்த்துக்கொள்வோம். அங்குச் செல்ல அனுமதி கேட்கும் பிள்ளையை, “சற்றுப் பொறு” என்று சொல்லாமல் உடனே அனுப்புவோம்.