கூரையை அறுத்தால் கன்வர்ட்டிபிள் ஆகிவிடுமா? பழைய ஹெரால்டு கார் வாங்குவோர் உஷார்!

சென்னை

திறந்த காரில் கடற்கரை ரோட்டில் காற்று வாங்கிக்கொண்டு போக யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அந்த ஆசையில் ஒரு பழைய காரை வாங்கி, கூரையை அறுத்து எறிந்துவிட்டு, "கன்வர்ட்டிபிள் ரெடி" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அப்படி அறுத்த காருக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்து, விலை பேசுகிறவர்களும் உண்டு.

ஏமாந்தால் பணம் மட்டும் போகாது. உயிருக்கும் ஆபத்து.

ஒரு திறந்த காரை அடியிலிருந்து புதுப்பிப்பது என்றால் என்ன? சென்னையிலேயே பிறந்த ஒரு காரை வைத்துப் பார்த்தால் புரியும்.

வண்டலூர் பிள்ளை

அந்தக் கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் இது வெளிவந்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிகெலோட்டி. மறு வருடமே, 1960-ல், துணிக்கூரையை மடக்கிவைக்கும் கன்வர்ட்டிபிள் மாடல் அங்கே வந்தது.

1961-ல் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் ஹெரால்டு தயாராகத் தொடங்கியது. 1971 வரை தயாரானது. அந்தத் தொழிற்சாலையில் இன்று கார் தயாராவதில்லை. ஆனால் அங்கே பிறந்த பிள்ளைகள் சில இன்னும் ஓடுகின்றன. பல, ஷெட்டில் துருப்பிடித்து நிற்கின்றன.

ரம்பம் வேண்டாம், ஸ்பேனர் போதும்

இந்தக் காருக்கு ஒரு விசேஷம் உண்டு. இதற்கு சேஸ் தனி, பாடி தனி. பாடியும் துண்டு துண்டாக போல்ட்டு போட்டு மாட்டியது. பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். இரண்டு கதவு மாடலில் கூரைகூட போல்ட்டில்தான் நிற்கிறது.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி கதை வேறு. அவற்றுக்குத் தனி சேஸ் கிடையாது. பாடிதான் முதுகெலும்பு. எடையைக் கூரையும் சேர்ந்து தாங்குகிறது. அதை அறுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துபோகும். கதவு மூடாது. மூடினால் திறக்காது. விபத்து என்றால் கேட்கவே வேண்டாம்.

ஹெரால்டிலும் கூரையைக் கழட்டியதால் மட்டும் அது கன்வர்ட்டிபிள் ஆகிவிடாது. அசல் வண்டியில் துணிக்கூரையைத் தாங்கும் கம்பிச் சட்டம் உண்டு. பின்பக்கத் தகரமும் வேறு மாதிரி இருக்கும்.

கதவு இடுக்கு சொல்லும் ரகசியம்

அடியிலிருந்து புதுப்பிப்பது என்றால், பாடியை முழுசாகத் தூக்கி வைத்துவிட்டு சேஸிலிருந்து வேலையைத் தொடங்குவது. திறந்த காரில் இதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கதவு வரும் இடைவெளியில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போதே பாடி மடங்கிவிடும். அப்புறம் எந்த டிங்கர் வந்தாலும் கதவு ஒழுங்காக உட்காராது.

துரு முதலில் பிடிப்பது சேஸின் பக்கவாட்டுக் கைகளில். பாடியின் ஓரத்தைத் தாங்குவது இவைதான். டிக்கி தரையும் சீக்கிரம் போகும். கடலோர ஊரில் உப்புக்காற்று வேறு. அரித்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பதுதான் வேலை. மேலே பட்டி பூசி மறைப்பது ஏமாற்று.

சக்கரம் மடிந்துவிடும்

பெயிண்டை விட முக்கியமானது முன் சக்கரம். அதைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் அடிமுனை, டிரனியன் என்ற உலோகத் துண்டுக்குள் மரை போட்டு உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழலும்.

அதற்கு 90-ம் நம்பர் கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரை முழுவதும் போய்ச் சேராது. தண்ணீர் புகுந்து, துருப்பிடித்து, ஒருநாள் கம்பி முறியும். ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும்.

பிரேக்கில் உள்ள பழைய ரப்பர் அனைத்தையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் குழாயும் அப்படித்தான். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பரை அது கெடுத்துவிடும். சூடான என்ஜின் பக்கம் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டமும் விடாது

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி தயாரித்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தப்படி, மீறும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் கிடைக்கலாம். இரண்டும் சேர்ந்தும் விழலாம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. 50 வயது தாண்டிய வண்டிகளை "விண்டேஜ்" என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. வி.ஏ. என்ற எழுத்துகளுடன் நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு ரூ.20 ஆயிரம், மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம் கட்டணம். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம் போன்றவற்றுக்குப் போகலாம்.

வண்டலூர் ஹெரால்டுகள் அனைத்தும் இன்று 50 வயதைத் தாண்டிவிட்டன. ஆனால் வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சேஸையோ பாடியையோ அறுத்து மாற்றிவிட்டால் அந்த வாய்ப்பும் போச்சு!

வாங்கும் முன்...

* ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியில் உள்ள நம்பருடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அடித்துத் திருத்திய அடையாளம் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.

* சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடியில் வையுங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது பட்டி.

* கதவைச் சுற்றியுள்ள இடுக்கைப் பாருங்கள். மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது.

* கீழே குனிந்து சேஸைத் தட்டிப் பாருங்கள். "டங்" என்று கேட்டால் இரும்பு. "பொத்" என்று கேட்டால் துரு.

பெயிண்டைப் பார்த்து மயங்குகிறவர் கடைசியில் வெல்டிங் பட்டறையில்தான் நிற்பார். பழைய கார் வாங்கப் போகிறவர் பழைய சட்டை போட்டுக்கொண்டு போவது நல்லது. முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். விலை பேசுவது அதற்கு அப்புறம்தான்.